கம்ப்யூட்டருக்குள்ள ஒரு ஆர்க்கெஸ்ட்ரா: வாசகர் கேள்வி பதில்

வயலின், செல்லோ, ஃப்ளூட், ஹார்ன்னு நெஜ கலைஞருங்க வாசிச்ச ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியா ரெக்கார்டு பண்ணி, கட்டைய அமுத்தினா அது திரும்பி வர்ற மாதிரி செஞ்ச சாஃப்ட்வேருங்கள பத்தி (அந்த ரெக்கார்டிங் ஒவ்வொண்ணும் ஒரு சாம்பிள், மொத்த கட்டுக்கு பேரு லைப்ரரி) கேள்வி அனுப்புங்கன்னு சொல்லியிருந்தோம். வேலூர் பக்கத்துலருந்து வந்தது மட்டுமே ஒரு கட்டு இருக்கு. அதுலருந்து நாலு.

கேள்வி: சார் வணக்கம். கிறிஸ்மஸ்க்கு எங்க சர்ச் பாடகர் குழுவுக்கு அரை மணி நேரம் வர்ற மாதிரி பாட்டுங்க ரெடி பண்ணிக்கினு இருக்கேன். கீபோர்டுல இருக்கற ஸ்டிரிங்ஸ் சவசவன்னு இருக்குது. ஃப்ரெண்டு ஒருத்தர் ஒரு ஹார்ட் டிஸ்க் நெறைய கிராக் பண்ண லைப்ரரி வச்சிருக்காரு, குடுக்கறேன்றாரு. என்கிட்ட 8 ஜிபி ரேம் லேப்டாப்தான் இருக்கு. இன்னா பண்ணலாம்?
(கீபோர்டு வாசிப்பவர், காட்பாடி)

பதில்: மொதல்ல அந்த ஹார்ட் டிஸ்க்க அவருகிட்டயே விட்டுடுங்க. சட்டம் ஒரு பக்கம் இருக்கட்டும், கிராக் பண்ண சாஃப்ட்வேர் கூட வைரஸ் வர்றது சகஜம், டிசம்பர் மாசம் பாட்டு பாதியில நிக்கறப்போ லேப்டாப் படுத்துக்குச்சின்னா யார போயி கேப்பீங்க?

அடுத்தது, பிளேயர் வேற லைப்ரரி வேற, இத நெறைய பேரு கொழப்பிக்கறாங்க. பிளேயர் டேப் ரெக்கார்டர்னா லைப்ரரி கேசட்டு. நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கம்பெனியோட கான்டாக்ட் ஒரு பிளேயர், வேற வேற கம்பெனிக்காரங்க அதுக்கு லைப்ரரி செஞ்சு விக்கறாங்க. கான்டாக்ட் பிளேயர்னு இலவசமா ஒண்ணு இருக்கு, ஆனா அதுக்குன்னு செய்யாத லைப்ரரிய அதுல போட்டா 15 நிமிஷத்துல நின்னுடும், முழு கான்டாக்ட் காசு குடுத்து வாங்கணும். லைப்ரரி வாங்கறதுக்கு முன்னாடி "முழு கான்டாக்ட் வேணுமா, பிளேயர் போதுமா"ன்னு பாக்காம காசு கட்டிட்டு முழிக்கறவங்க நெறைய. ஸ்பிட்ஃபயர், ஆர்க்கெஸ்ட்ரல் டூல்ஸ், வியன்னா சிம்ஃபானிக் லைப்ரரி, ஈஸ்ட்வெஸ்ட் இவங்கல்லாம் இப்போ சொந்த பிளேயரே வச்சிருக்காங்க, அது தனி.

உங்க 8 ஜிபிக்கு ஸ்பிட்ஃபயரோட பிபிசி சிம்ஃபனி ஆர்க்கெஸ்ட்ரா டிஸ்கவர்ல ஆரம்பிங்க. லண்டன் மைடா வேல் ஸ்டூடியோவுல ரெக்கார்டு பண்ணது, இலவசம், டவுன்லோடு சுமார் 200 எம்பிதான், முழு ஆர்க்கெஸ்ட்ராவும் ஒரே ஹால்ல வாசிச்சதால எல்லா வாத்தியமும் ஒண்ணோட ஒண்ணு ஒட்டும். இங்க ஒரு வயலின் அங்க ஒரு ட்ரம்பெட்னு பொறுக்கி சேத்தா அந்த ஒட்டு வராது. நொட்டேஷன் எழுதி குழுவுக்கு பிரிண்ட் போட்டு குடுக்கணும்னா மியூஸ்ஸ்கோர் 4 போட்டு பாருங்க. 2022 டிசம்பர்ல வந்தது, அதுக்குன்னே மியூஸ் சவுண்ட்ஸ்னு ஒரு செட் இலவசமா குடுக்கறாங்க, எழுதினத வாசிச்சு காட்டறதுல அது கெட்டி. மேடையில லைவா வாசிக்கறதுக்கு அது இல்ல.

இப்போ முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். லைப்ரரி எதுவா இருந்தாலும் சரி, உங்க கீபோர்டுல மாட் வீல், அதாவது எடது பக்கம் வெரலால உருட்டற சின்ன சக்கரம், இருக்கா? நீளமா இழுக்கற ஸ்டிரிங்ஸ் பேட்ச்ல (லைப்ரரில இருக்கற ஒரு சவுண்டுக்கு பேரு பேட்ச்) கட்டைய எவ்ளோ ஓங்கி அடிச்சாலும் பெருசா மாறாது, மெதுவா வாசிக்கறதா அழுத்தி வாசிக்கறதான்றத மாட் வீல்தான் முடிவு பண்ணுது. அது மிடியில, அதாவது கீபோர்டும் கம்ப்யூட்டரும் பேசிக்கற பாஷையில, 1ம் நம்பர் கன்ட்ரோலர், 0லருந்து 127 வரைக்கும் போகும். சத்தத்த மட்டும் ஏத்தி எறக்க 11ம் நம்பர், எக்ஸ்பிரஷன். ரெண்டும் ஒண்ணு இல்ல. வில்ல லேசா வச்சு வாசிச்ச வயலினோட தொனியே வேற, அழுத்தி வாசிச்சதோட தொனியே வேற, 1ம் நம்பர் அந்தத் தொனியவே மாத்தும். வீல் கீழயே கெடந்தா எந்த லைப்ரரியும் சவசவன்னுதான் இருக்கும். அதனால லைப்ரரிக்கு எடுத்து வச்ச காசுல மொதல்ல ரெண்டு ஃபேடர் (மேல கீழ தள்ற பட்டன்) இருக்கற ஒரு சின்ன மிடி கன்ட்ரோலர் வாங்குங்க, என் கணக்குல அதுதான் பெரிய லைப்ரரிய விட பிரயோஜனம்.

பின்னாடி காசு போட்டு வாங்கற நேரம் வந்தா கம்பெனி போடற டெமோ பாட்ட நம்பாதீங்க, அது மேக்கப் போட்டது. எந்த எஃபெக்டும் இல்லாம ஒரே வாத்தியத்த தனியா வாசிச்சு காட்டற வீடியோவா தேடுங்க. ஒரே சுரத்த படபடன்னு எட்டு வாட்டி அடிக்கறப்போ எட்டும் அச்சு அசலா ஒரே மாதிரி கேட்டா அதுல ரவுண்ட் ராபின் (ஒரே சுரத்த பல வாட்டி ரெக்கார்டு பண்ணி மாத்தி மாத்தி வாசிக்கறது) கம்மி, மெஷின் கன் மாதிரி இருக்கும்னு இந்த ஃபீல்டுல இருக்கறவங்க திட்டறது அதத்தான். வீல கீழருந்து மேல மெதுவா ஏத்தறப்போ நடுவுல படி தட்டுதா, இல்ல வழுக்கிக்கினு போகுதான்னு கவனிங்க. அப்பறம் லெகாட்டோ. ஒரு சுரத்துலருந்து இன்னொண்ணுக்கு வெரலு நகர்ற அந்த ஜாயிண்ட்டயே தனியா ரெக்கார்டு பண்றது அது. ஒரு ஆக்டேவ் வரைக்கும் மேல 12 கீழ 12, ஒவ்வொரு சுரத்துக்கும் 24 ஜாயிண்ட்டு, அதையே ரெண்டு மூணு அழுத்தத்துல எடுக்கணும்னா லைப்ரரி ஏன் நூத்துக்கணக்கான ஜிபி ஆவுதுன்னு புரியும். ஒண்ணு ஞாபகம் வச்சிக்கோங்க, அந்த ஜாயிண்ட்டு வாசிக்க கொஞ்சம் நேரம் புடிக்கும், அதனால லெகாட்டோ பேட்ச்ல லைவா வாசிச்சா எப்பவும் தாளத்துக்கு பின்னாடியே வரும். ரெக்கார்டிங்ல ட்ராக்க கொஞ்சம் முன்னாடி தள்ளிக்கலாம், சர்ச்ல ஞாயித்துக்கிழம அது முடியாது, அங்க ஜாயிண்ட்டு இல்லாம நீளமா இழுக்கற சாதா சஸ்டெய்ன் பேட்ச் போதும்.

கேள்வி: எட்டு ட்ராக் போட்டாலே டப் டப்னு சத்தம் வெட்டுது. ரேம் 16 ஜிபி இருக்கு. இன்னும் ரேம் போடணுமா?
(குடியாத்தம்)

பதில்: ஹார்ட் டிஸ்க்ல வச்சிருக்கீங்களா? அப்போ அதுதான். சாம்ப்ளர், அதாவது மேல சொன்ன பிளேயர், ஒவ்வொரு சுரத்தோட ஆரம்பத்த மட்டும் ரேம்ல வச்சிக்கும், மீதிய வாசிக்க வாசிக்க டிஸ்க்லருந்து இழுக்கும். 1998ல கிகாசாம்ப்ளர்னு ஒரு சாஃப்ட்வேர் கொண்டாந்த வித்த இது, இன்னைக்கும் அதேதான். எஸ்எஸ்டிக்கு மாத்துங்க. அப்பறம் பஃபர், அதாவது கம்ப்யூட்டர் ஒரு வாட்டில தயார் பண்ற சத்தத் துண்டு. அது பெருசா இருந்தா வெட்டாது, ஆனா கட்டைய அமுத்தினப்பறம் சத்தம் வர லேட்டாவும். 44,100 சாம்பிள் ரேட்ல (செகண்டுக்கு அவ்ளோ வாட்டி சத்தத்த அளக்கறது) பஃபர் 256ன்னா சுமார் 6 மில்லிசெகண்ட், 1024ன்னா 23. வாசிக்கறப்போ 256, மிக்ஸ் பண்றப்போ 1024ன்னு வச்சிக்கோங்க, விண்டோஸ்னா ஆசியோ டிரைவர் (சத்தத்த லேட்டில்லாம வெளிய அனுப்பற சாஃப்ட்வேர்) கட்டாயம், ஆடியோ இன்டர்ஃபேஸ் இல்லாதவங்க ஆசியோ4ஆல் போட்டுக்கலாம். முடிஞ்ச ட்ராக்குங்கள ஃப்ரீஸ் பண்ணுங்க, அதாவது ஆடியோவா மாத்தி வச்சிடுங்க. இன்னொண்ணு, மே மாசம் நம்ம ஊர் வெயில்ல மொட்ட மாடி ரூம்ல ஒக்காந்து வாசிக்கறீங்கன்னா லேப்டாப் சூடாகி தன் வேகத்த தானே கொறைச்சிக்கும், அதுக்கு சாஃப்ட்வேர்ல மருந்து கெடையாது.

கேள்வி: இந்த லைப்ரரில செஞ்ச பாட்ட குறும்படத்துக்கு காசுக்கு குடுக்கலாமா?
(ஆம்பூர்)

பதில்: பொதுவா குடுக்கலாம், அதுக்குத்தானே விக்கறாங்க. கூடாதது இன்னான்னா அந்த சாம்பிளுங்கள தனித்தனியா எடுத்து வேற பேர்ல இன்னொரு லைப்ரரியா விக்கறது. லைசென்ஸ ஒரு வாட்டி படிச்சிடுங்க, ஒவ்வொண்ணும் வேற வேற.

கேள்வி: அண்ணா, நான் வேலூர்ல இன்ஜினியரிங் மூணாவது வருஷம். எங்க மாமா தெருக்கூத்துல முகவீணை வாசிக்கறாரு, செய்யாறு பக்கம். அத சாம்பிள் பண்ணி நானே ஒரு சாஃப்ட்வேர் செய்யலாம்னு ஆச. சி பிளஸ் பிளஸ் கத்துக்கினு ஆரம்பிக்கட்டுமா?

பதில்: தம்பி, இன்னைக்கு வந்ததுலயே எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி இது. வயலின் லைப்ரரி உலகத்துல கொட்டிக் கெடக்குது, முகவீணைய தேடிப் பாரு. ஆனா கோடுலருந்து ஆரம்பிக்காத, மைக்லருந்து ஆரம்பி. மொதல் வெர்ஷனுக்கு ஒரு வரி சி பிளஸ் பிளஸ் வேணாம். எஸ்எஃப்இசட்னு ஒரு ஃபார்மேட், வெறும் டெக்ஸ்ட் ஃபைல், நோட்பேட்ல எழுதலாம். இந்த ரெக்கார்டிங், இந்த கட்டையிலருந்து இந்த கட்டை வரைக்கும், இவ்ளோ அழுத்தினா வாசின்னு வரி வரியா எழுதிட்டு போக வேண்டியதுதான். ப்ளோக் கம்பெனியோட ஃபோர்ஸாண்டோ அத இலவசமா வாசிக்கும். திருகற குமிழு, படம்லாம் வச்சு அழகா வேணும்னா டீசன்ட் சாம்ப்ளர், அதுவும் இலவசம். வெர்சிலியன் ஸ்டூடியோஸோட விஎஸ்சிஓ 2 கம்யூனிட்டி எடிஷன டவுன்லோடு பண்ணி பிரிச்சு பாரு, பொது உடமையா விட்டது, மத்தவங்க எப்படி கட்டறாங்கன்னு அதுல தெரிஞ்சிக்கலாம்.

ரெக்கார்டிங் கணக்கு பாரு. 12 சுரம், ரெண்டு அழுத்தம், ஒவ்வொண்ணும் நாலு வாட்டி, மொத்தம் 96 டேக். முகவீணை ரெட்ட நாக்கு (சீவாளி) வாத்தியம், மெல்ல ஊதினா நாக்கு பேசாது, அதனால அழுத்தம் ரெண்டே போதும். ஒவ்வொண்ணும் 6 செகண்ட், 48 கிலோஹெர்ட்ஸ் 24 பிட் மோனோன்னா மொத்தமே சுமார் 83 எம்பி. இதுல 12 சுரத்தையும் ஊத சொல்றதுக்கு காரணம் இருக்கு. ஒரு ரெக்கார்டிங்க வேகமாக்கித்தான் மேல் சுரம் ஆக்கறாங்க, அரை சுரத்துக்கு 1.06 மடங்கு வேகம், மூணு நாலு அரை சுரம் தள்ளினாலே அசைவு வேகமாகி தொனி கீச்சுன்னு ஆயிடும். ராத்திரியில ஃபேன நிறுத்திட்டு எடு, சீவாளி ஈரம் காஞ்சா சுருதி நகரும், அதனால ஒவ்வொரு பத்து நிமிஷத்துக்கும் ஆர்மோனியத்தோட வச்சு பாத்துக்கோ.

ஆனா இவ்ளோ செஞ்சும் அது கூத்துல கேக்கற முகவீணையா இருக்காது. தனித்தனி சுரத்த வெட்டி ஒட்டினா கமகம் செத்துடும், வெளிநாட்டு லைப்ரரிங்க நம்ம வாத்தியத்துல சறுக்கறதும் இங்கதான். ரெண்டு வழி இருக்கு. பிட்ச் பெண்ட் (சுருதிய வளைக்கற வீல்) ரேஞ்ச சாதாரணமா இருக்கற ரெண்டு அரை சுரத்துலருந்து 12க்கு ஏத்தி கையால வளைக்கறது, பெண்டுல 16,384 படி இருக்கறதால தட்டாம வழுக்கும். இல்லன்னா மாமா வழக்கமா வாசிக்கற புடிங்கள, ஆள் அடவு கட்டி உள்ள வர்றப்போ வாசிக்கறது, சண்டைக்கு வாசிக்கறதுன்னு முழுசா ரெக்கார்டு பண்ணி கட்டைக்கு ஒண்ணா வைக்கறது. நான் ரெண்டாவதுக்கே ஓட்டு போடுவேன், ரெண்டையும் கலந்தா இன்னும் நல்லது.

இதெல்லாம் ஆனப்பறம் சொந்த பிளகின் (மியூசிக் சாஃப்ட்வேருக்குள்ள ஓடற குட்டி சாஃப்ட்வேர்) வேணும்னு தோணுச்சின்னா அத கட்டற கருவிங்க ஹைஸ் இல்லாட்டி ஜூஸ். ரெண்டுமே ஓப்பன் சோர்ஸா வெளியிட்டா இலவசம், கோட மூடி வச்சு விக்கணும்னா அவங்க கமர்ஷியல் லைசென்ஸ் விதிமுறைய பாத்துக்கோ. அப்போ ஒரு விதி மட்டும் மறக்காத. 48 கிலோஹெர்ட்ஸ்ல 128 பஃபர்னா அடுத்த துண்டு சத்தத்த குடுக்க உனக்கு இருக்கறது 2.7 மில்லிசெகண்ட்கூட முழுசா இல்ல, சத்தத்த குடுக்கற அந்த த்ரெட்ல (தனியா ஓடற வேலை வரிசை) டிஸ்க்க படிக்காத, மெமரி கேக்காத, லாக் போடாத. டிஸ்க்க படிக்க தனி த்ரெட் வை.

மாமாதானேன்னு எழுத்து இல்லாம ஆரம்பிச்சிடாத. நம்ம காப்பிரைட் சட்டப்படி வாசிக்கறவருக்கே அவரு வாசிப்பு மேல 50 வருஷம் உரிமை இருக்கு. வித்தா அவருக்கு எவ்ளோ, சும்மா குடுத்தா பேரு எங்க வரும், ரெண்டையும் ஒரு பேப்பர்ல எழுதி ரெண்டு பேரும் கையெழுத்து போட்டுட்டு அப்பறமா மைக்க ஆன் பண்ணு.