வாங்குபவருக்குக் கணக்குத் தெரியும்: சிறு வியாபாரிகளின் கேள்விகள், ஒரு செக்குக்காரரின் பதில்கள்

வணக்கம். காங்கேயத்துப் பக்கம் 24 வருடமாகச் செக்கு ஓட்டுகிறேன். கடலை, எள், தேங்காய் மூன்றும் ஆட்டுகிறோம். முன்பக்கம் ஒரு சின்ன மளிகையும் உண்டு. வாங்க வருபவரை ஒன்றும் தெரியாதவராக நினைக்காமல் வியாபாரம் செய்ய முடியுமா என்று பலர் பலவிதமாகக் கேட்டிருந்தீர்கள். எனக்குத் தெரிந்த தொழில் எண்ணெய்தான். மற்றத் தொழில்களைப் பற்றிக் கேட்டவர்களுக்கு, கடைக்கு வெளியே பையோடு நிற்கும் ஒருத்தியாகப் பதில் சொல்லியிருக்கிறேன்.

திண்டிவனம், செக்கு எண்ணெய்: அக்கா, என் கடலெண்ணெய் லிட்டர் 320. இதே தெருவில் இன்னொருவர் மரச்செக்கு என்று போர்டு வைத்து 190க்குக் கொடுக்கிறார். வருகிற எல்லாரும் "அங்கே 190 தானே" என்கிறார்கள். அது கலப்படம் என்று சொல்லிவிடலாமா?

சொல்லாதீர்கள் தம்பி. நீங்கள் கண்ணால் பார்க்காததைச் சொல்லக் கூடாது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அடுத்த கடையைப் பழித்தால் கேட்பவருக்கு உங்கள் மீதும் சேர்த்துத்தான் சந்தேகம் வரும்.

உங்கள் கணக்கை எழுதிக் கடையில் மாட்டுங்கள். நான் மாட்டியிருக்கும் பலகையில் இருப்பது இதுதான். பருப்பு கிலோ 130 என்றால் 10 கிலோவுக்கு 1300. ஆட்டினால் எண்ணெய் நாலரை லிட்டர், புண்ணாக்கு ஐந்தரை கிலோ. புண்ணாக்கு கிலோ 40 வீதம் 220 திரும்பி வருகிறது. மீதி 1080. அதை நாலரையால் வகுத்தால் லிட்டருக்கு 240. ஆட்டுக்கூலி, கரண்ட், பாட்டில், வாடகை எல்லாம் சேர்த்து 45. என் லாபம் 20. ஆக 305. அதன் மேல் ஜி.எஸ்.டி. 5 சதவீதம். 320 ஆகிவிட்டது. பருப்பு விலை மாறும் அன்றைக்கே பலகையிலும் மாற்றிவிடுவேன்.

லாபத்தையுமா எழுதுவாய் என்று எங்கள் வீட்டிலேயே கேட்டார்கள். எழுதினேன். அந்த 20 ரூபாயைக் குறைக்கச் சொல்லி இதுவரை யாரும் கேட்டதில்லை. ஒன்று மட்டும் நடக்கிறது. பலகையைப் படித்தவர் மனதுக்குள் 190ஐப் போட்டுப் பார்க்கிறார். ஒரு லிட்டருக்கு வேண்டிய இரண்டே கால் கிலோ பருப்பு வாங்கவே அந்தக் காசு பத்தாது என்று அவருக்கே தெரிந்துவிடுகிறது. அதை நீங்கள் வாயால் சொன்னால் பொறாமை என்பார்கள். அவரே வகுத்துப் பார்த்தால் அது அவருடைய முடிவு.

திருப்பூர், புதிதாகத் தொடங்குபவர்: லேபிள் வடிவமைப்பவர் "கொலஸ்ட்ரால் இல்லாதது" என்று பெரிதாகப் போடச் சொல்கிறார். எல்லாரும் போடுகிறார்களாமே?

எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது அம்மணி. இறைச்சி, முட்டை, பால், நெய் போன்றவற்றில் இருப்பது அது. கடலெண்ணெயில் அது இல்லை என்று பீற்றிக்கொள்வது, இளநீரில் எலும்பு இல்லை என்று எழுதுவது போல. மாத்திரை சாப்பிடும் அப்பாவுக்காக எண்ணெய் தேடி வரும் பிள்ளைக்கு இது தெரியும். டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான் உங்கள் கடைக்கே வந்திருப்பான். லேபிளில் அந்த இடத்தை வீணாக்காமல் ஆட்டிய தேதியைப் போடுங்கள். தேங்காயெண்ணெய் என்றால், பூஞ்சை பிடிக்காமலிருக்கக் கொப்பரைக்குக் கந்தகப் புகை போட்டதா இல்லையா என்று எழுதுங்கள். எங்கள் பக்கத்தில் விவரம் தெரிந்தவர்கள் முதலில் கேட்பது அதைத்தான்.

எலம்பிள்ளை, புடவை விற்பவர்: அக்கா, நான் படம் மட்டும் போட்டு "விலைக்கு இன்பாக்ஸ் வரவும்" என்று எழுதுகிறேன். அப்போதுதான் பேச்சுக் கொடுக்க முடிகிறது. ஆனால் சிலர் கோபப்படுகிறார்கள்.

நானும் கோபப்பட்டவள்தான். விலை கேட்டு எழுதினால் பதில் வர அரை நாள் ஆகும். அதற்குள் என் படத்தைப் பார்த்துவிட்டு, என்ன காரில் போகிறேன், எந்த ஊர் என்று தேடிவிட்டு விலை சொல்கிறார்களோ என்ற எண்ணம் வந்துவிடும். நீங்கள் அப்படிச் செய்யாதவராகவே இருக்கலாம். ஆனால் விலையை மறைத்தால் எல்லார் மனதிலும் முதலில் முளைப்பது அதுதான். 850 என்றால் 850 என்று படத்தின் மேலேயே எழுதுங்கள். வாங்க முடிகிறவர் மட்டும் பேசுவார், உங்களுக்கும் நேரம் மிச்சம்.

கேட்காத ஒன்றையும் சொல்கிறேன், தவறாக நினைக்க வேண்டாம். "சாஃப்ட் சில்க்" என்று பெயர் போட்டு, உள்ளே என்ன நூல் என்று எழுதாமல் விடுவது பல இடங்களில் நடக்கிறது. முந்தானைக் குஞ்சத்திலிருந்து ஒரு இழை பிரித்து நெருப்பில் காட்டினால் பட்டு முடி கருகும் வாசம் வந்து சாம்பலாக உதிரும், பாலியஸ்டர் உருகி உருண்டையாகும் என்பது எங்கள் ஊர்ப் பாட்டிகளுக்கெல்லாம் தெரியும். பாலியஸ்டர் புடவை கட்டுவதில் யாருக்கும் வெட்கமில்லை. 850 ரூபாய்க்குச் சுத்தப் பட்டு வராது என்று தெரிந்துதான் வாங்குகிறார்கள். தெரிந்து வாங்குபவரிடம் எதற்குப் பெயரை மாற்றிச் சொல்ல வேண்டும்?

மணப்பாறை, முறுக்கு: ஒரு பயிற்சி வகுப்பில், "இன்னும் 2 மணி நேரம் மட்டும்", "கடைசி 5 பாக்கெட்" என்று தினமும் போடச் சொல்லிக் கொடுத்தார்கள். செய்யலாமா?

செவ்வாய்க்கிழமை கடைசி 5 பாக்கெட் என்று படித்தவர் வியாழக்கிழமையும் அதையே படிப்பார். அதன்பிறகு நீங்கள் உண்மையாகவே தீர்ந்துவிட்டது என்று சொன்னாலும் நம்பமாட்டார். போலி அவசரம் காட்டி இணையத்தில் விற்பதற்கு இப்போது தடையும் இருக்கிறது. மத்திய அரசு 2023 நவம்பரில் கொண்டுவந்த வழிகாட்டு நெறிகளில் 13 வகை ஏமாற்று உத்திகளைப் பட்டியல் போட்டிருக்கிறார்கள். இது அதில் ஒன்று.

உங்களுக்கு உண்மையான அவசரம் தீபாவளிக்கு வரும் தம்பி. அப்போது "நாங்கள் நாலு பேர், ஒரு நாளைக்கு இத்தனை கிலோதான் சுற்ற முடியும், இந்தத் தேதியோடு ஆர்டர் நிறுத்துகிறோம்" என்று எழுதிப் பாருங்கள்.

கோவில்பட்டி, கடலை மிட்டாய்: வெல்லம், பருப்பு எல்லாம் ஏறிவிட்டது. 200 கிராம் பாக்கெட்டை 180 ஆக்கிவிட்டு விலையை அப்படியே வைக்கலாம் என்று மகன் சொல்கிறான். பெரிய கம்பெனிகளே அப்படித்தான் செய்கின்றனவாம், யாருக்கும் தெரியாது என்கிறான்.

எடையைக் குறைப்பது தப்பில்லை ஐயா. செலவு ஏறினால் விலையை ஏற்ற வேண்டும், இல்லாவிட்டால் அளவைக் குறைக்க வேண்டும். வேறு வழி கிடையாது. யாருக்கும் தெரியாது என்கிறாரே மகன், அதுதான் தப்பு.

என் அனுபவம் ஒன்று. தொழில் தொடங்கிய புதிதில் பாட்டில் மூடியில் வெறும் "1" என்று எழுதுவேன். களை வெட்டப் போகும் ஒரு பாட்டி, வாரம் தவறாமல் வாங்குபவர், ஒரு நாள் பாட்டிலோடு திரும்பி வந்தார். வழியில் வெல்லக் கடைத் தராசில் வைத்துப் பார்த்தாராம். பாட்டிலோடு சேர்த்து 950 கிராம், காலி பாட்டில் 40. "தொண்ணூறு கிராம் எங்கே போச்சு அம்மணி?" என்றார். எண்ணெய் தண்ணீரைவிட லேசு, ஒரு லிட்டர் எண்ணெய் 910 கிராம்தான் நிற்கும் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, "இதை நான் கேட்கறதுக்கு முன்னாடி நீ சொல்லியிருக்கணும்" என்றார்.

அவர் எத்தனை வாரமாக அந்தச் சந்தேகத்தை மனதில் வைத்துக்கொண்டே வாங்கினாரோ என்று நினைத்து அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாளிலிருந்து "1 லிட்டர், 910 கிராம்" என்று இரண்டையும் எழுதுகிறோம். இந்த விஷயம் பாட்டியோடு முடியவில்லை. சூட்டில் எண்ணெய் விரியும் அல்லவா? 60 டிகிரி வெப்பத்தில் ஒரு லிட்டர் என்று சிலர் பாக்கெட்டில் அச்சிட்டு எடையைக் குறைவாக வைத்தார்கள். அதை நிறுத்தி, வெப்பநிலை போடாமல் அளவையும் சரியான எடையையும் அச்சிடச் சொல்லி நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஆகஸ்டில் அறிவுறுத்தியது. வெல்லக் கடைத் தராசில் பாட்டி பிடித்த அதே கணக்குத்தான்.

ஆகவே 180 ஆக்குங்கள். பழைய கவரையே பயன்படுத்தாமல், "வெல்லம் விலை ஏறியதால் 200 கிராமுக்குப் பதில் 180" என்று முன்பக்கமே மூன்று மாதத்துக்காவது அச்சிடுங்கள். ஒரே கடையில் வாரா வாரம் வாங்கும் கைக்கு 20 கிராம் நன்றாகத் தெரியும்.

காரைக்குடி, பேன்ஸி ஸ்டோர்: 100 என்பதை 99 என்று போடுவதும் ஏமாற்றா?

இல்லை. அந்த ஒரு ரூபாயைத் திருப்பிக் கொடுத்தால் போதும். சில்லறை இல்லை என்று மிட்டாயை நீட்டாதீர்கள்.

கும்பகோணம், நகைக்கடை: அப்பா காலத்தில் நம்பி வாங்கினார்கள். இப்போது போனில் அன்றைய விலையைக் காட்டுகிறார்கள், நகையில் பொறித்த ஆறு இலக்கக் குறியீட்டை ஆப்பில் தட்டிப் பார்க்கிறார்கள். மரியாதைக் குறைவாக இருக்கிறது.

அது மரியாதைக் குறைவில்லை தம்பி. ஹால்மார்க் நகைக்கு அந்த ஆறு எழுத்து-எண் அடையாளம் 2023 ஏப்ரல் முதல் கட்டாயம். வாங்குபவர் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தான் ஆப் இருக்கிறது. அவர் தட்டுவதற்கு முன் நீங்களே லென்ஸை எடுத்துக் கையில் கொடுங்கள். தங்கம் எத்தனை கிராம், அன்றைய விலை என்ன, செய்கூலி எவ்வளவு, சேதாரம் எவ்வளவு, கல் எடை கழித்தீர்களா, வரி எவ்வளவு என்று வரி வரியாக எழுதிக் காட்டுங்கள். "சேதாரம் இல்லை" என்று போர்டு வைத்துவிட்டுச் செய்கூலியில் அதை ஏற்றுவதை என் மகள் கல்யாணத்துக்கு நகை எடுத்தபோது ஒரு கடையில் பார்த்தோம். கூட்டிப் பார்த்தால் அடுத்த கடையைவிடக் கூடுதல். நாங்கள் சண்டை போடவில்லை. காப்பி குடித்துவிட்டு, அப்புறம் வருகிறோம் என்று எழுந்து வந்துவிட்டோம். போய்விட்டவர் ஏன் போனார் என்று அந்தக் கடைக்காரருக்கு இன்றுவரை தெரிந்திருக்காது.

புதுக்கோட்டை, நாடகக் குழு: வியாபாரம் இல்லை அக்கா, ஆனாலும் கேட்கிறேன். திருவிழாவில் வள்ளி திருமணம் போடுகிறோம். தர்க்கத்தைக் குறை, ஜனங்களுக்குப் புரியாது, பபூன் வரும் நேரத்தைக் கூட்டி இரட்டை அர்த்தமாகப் பேசச் சொல் என்கிறார் ஏற்பாடு செய்பவர்.

என் அம்மா பிறந்த ஊர் பொன்னமராவதிப் பக்கம். சின்ன வயதில் பாயை விரித்து விடிய விடியப் பார்த்திருக்கிறேன். நாரதருக்கும் வள்ளிக்கும் நடக்கும் தர்க்கத்துக்காகவே தூங்குகிற பிள்ளையை எழுப்பி உட்கார வைப்பார்கள். பள்ளிக்கூடம் போகாத என் பெரியம்மா, "அந்தக் கேள்விக்கு இவ பதில் சொல்லாம நழுவிட்டா" என்று விடிந்ததும் கிணற்றடியில் தீர்ப்புச் சொல்வார். ஆர்மோனியம் சுருதி விலகினால் முன்வரிசைக் கிழவர் திரும்பிப் பார்ப்பார். புரியாது என்று சொல்பவர் அந்தப் பாயில் உட்கார்ந்ததே இல்லை. பபூன் சிரிக்க வைக்கட்டும், அதுவும் வேண்டியதுதான். தர்க்கத்தில் மட்டும் கை வைக்காதீர்கள்.

சென்னை, வியாசர்பாடி, மளிகை: நீங்கள் சொல்வதெல்லாம் காசு உள்ளவர்களுக்குச் சரி. எங்கள் ஏரியாவில் எது குறைந்த விலையோ அதுதான் போகும். லேபிளை யாரும் படிப்பதில்லை.

இதை நான் ஏற்கமாட்டேன் அண்ணா. காசு குறைவாக இருப்பவர்தான் அதிகம் கணக்குப் போடுகிறார். தினக்கூலி வாங்கும் பெண்ணிடம் சாயங்காலம் 320 ரூபாய் மொத்தமாக இருக்காது. அதனால் 100 மில்லி வாங்குகிறார். அதைச் சில இடங்களில் 40 ரூபாய்க்கு விற்கிறார்கள், அதாவது லிட்டர் 400. ஏழைதான் அதிகம் கொடுக்கிறார். அது அவருக்குத் தெரியாது என்று நினைக்கிறீர்களா? தெரியும். வேறு வழி இல்லாமல் வாங்குகிறார். நான் 100 மில்லியை 34க்குக் கொடுக்கிறேன், 32 எண்ணெய்க்கு, 2 கவருக்கு.

ஆனால் உங்கள் பேச்சில் ஒரு உண்மை இருக்கிறது, அதை மறைக்கமாட்டேன். இப்படி நடந்தால் எல்லாரும் வந்துவிடுவார்கள் என்பதில்லை. மாதம் 60 லிட்டர் எடுத்த ஒரு ஹோட்டல் பலகையைப் படித்துவிட்டு, கணக்கு சரிதான், ஆனால் எனக்குக் கட்டாது என்று நின்றுவிட்டது. ஆறு மாதம் சிரமப்பட்டோம்.

உடுமலை, தேங்காயெண்ணெய்: அவசரம் அக்கா. போன வாரம் 40 பாட்டில் போனது. மூன்று பேர் காறல் வாடை என்கிறார்கள். கொப்பரை சரியாகக் காயவில்லை என்று நினைக்கிறேன். மற்ற 37 பேர் ஒன்றும் சொல்லவில்லை. நானாகச் சொல்ல வேண்டுமா?

சொல்லுங்கள், இன்றைக்கே. சொல்லாத 37 பேரும் முகர்ந்து பார்க்காதவர்கள் என்று நினைக்காதீர்கள். சிலர் இந்த முறை போகட்டும் என்று விட்டிருப்பார்கள், சிலர் ஏற்கெனவே வேறு கடை பார்த்திருப்பார்கள். மெசேஜ் வேண்டாம், போனில் கூப்பிடுங்கள். "கொப்பரையில் ஈரம் நின்றுவிட்டது, என் தவறு, சமையலுக்கு வேண்டாம், விளக்குக்கு வைத்துக்கொள்ளுங்கள், புது பாட்டில் கொண்டுவந்து தருகிறேன்" என்று மட்டும் சொல்லுங்கள். மழையைக் காரணம் காட்டாதீர்கள். மழை பெய்தது அவர்களுக்கும் தெரியும்.

அதே கொப்பரையில் மீதி இருந்தால் ஆட்டாமல் மறுபடி காயப் போடுங்கள். ஈரம் 6 சதவீதத்துக்குக் கீழே வர வேண்டும். மீட்டர் இல்லையென்றால் எங்களிடம் ஒன்று இருக்கிறது, வந்து எடுத்துப் போங்கள். காலை ஏழு மணிக்குக் கடை திறந்துவிடுவேன்.