எம்.எஸ்ஸி. படித்தவருக்கு ஒன்பதாம் வகுப்பு ஏன் கடினமாக இருக்கிறது?

கேள்வி: நான் ஓர் அரசு உயர்நிலைப் பள்ளியில் அறிவியல் பட்டதாரி ஆசிரியர். பி.எட். கல்லூரியிலிருந்து எங்கள் பள்ளிக்கு இரண்டு பயிற்சி ஆசிரியர்கள் வந்திருக்கிறார்கள். 16 வாரம் இருப்பார்கள். அவர்களில் ஒருவர் எம்.எஸ்ஸி. இயற்பியல் படித்தவர். எதைக் கேட்டாலும் தெளிவாகச் சொல்கிறார், உழைக்கவும் தயங்குவதில்லை. ஆனால் ஒன்பதாம் வகுப்பில் மின்னோட்டம் நடத்தியபோது பிள்ளைகள் எழுதிக்கொண்டார்களே தவிர, ஒன்றும் மனதில் ஏறவில்லை. வகுப்பு முடிந்ததும், "எப்படி சார் இருந்தது?" என்று கேட்டார். "கொஞ்சம் சத்தமாகப் பேசும்மா, போர்டில் எழுத்து பெரிதாக இருக்கட்டும்" என்றேன். அதற்கு மேல் என்ன சொல்வதென்று எனக்கே தெரியவில்லை. அவர் தன் பாடத்தை நன்றாக நடத்த நான் எப்படி உதவுவது?

பதில்: நீங்கள் சொன்ன இரண்டும் தவறில்லை. ஆனால் அவற்றைத் தமிழ் நடத்துகிறவரிடமும் சொல்லலாம், வரலாறு நடத்துகிறவரிடமும் சொல்லலாம். மின்னோட்டம் நடத்துகிறவரிடம் மட்டுமே சொல்லக்கூடியது என்ன என்பதுதான் உங்கள் கேள்வி. அதைக் கேட்கத் தோன்றியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பயிற்சிக்கு வருகிறவர்களை விடுப்பில் போன ஆசிரியரின் வகுப்புகளுக்கு அனுப்பிவிட்டு, கடைசி வாரம் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் பள்ளிகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

அந்தப் பெண்ணுக்கு இயற்பியல் தெரியும். ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையின் மனதில் இயற்பியல் எந்த உருவத்தில் இருக்கிறது என்பது தெரியாது. எம்.எஸ்ஸி.யில் அதை யாரும் சொல்லித்தருவதில்லை. பி.எட்.டிலும் பெரும்பாலும் உளவியல் ஒரு தாளிலும் பாடம் இன்னொரு தாளிலும் தனித்தனியாகவே நிற்கின்றன. இரண்டும் சேரும் இடம் உங்கள் வகுப்பறைதான்.

"கரண்ட்" என்ற ஒரே சொல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் பிள்ளை கேட்பது என்ன? "கரண்ட் போயிடுச்சு", "கரண்ட் கம்மியா வருது", "கரண்ட் ரொம்பச் செலவாகுது", "தொடாதே, கரண்ட் அடிக்கும்". முதலாவதில் கரண்ட் என்பது மின் வழங்கல். இரண்டாவதில் மின்னழுத்தம். மூன்றாவதில் மின்னாற்றல். நான்காவதில்தான் உடம்பு வழியே பாயும் மின்னோட்டம். நான்கையும் ஒரே சொல்லால் பதின்மூன்று வருடம் கேட்டு வளர்ந்த பிள்ளையிடம் போய், "மின்னோட்டம் என்பது மின்னூட்டம் பாயும் வீதம்" என்று எழுதிப்போட்டால், அது நோட்டில் ஏறும். தலையில் பழைய கரண்ட்தான் இருக்கும். அந்தப் பழைய கரண்ட் செலவாகித் தீரக்கூடிய ஒரு பொருள். மின்கலத்திலிருந்து புறப்பட்டு, முதல் பல்பில் கொஞ்சம் தீர்ந்து, மிச்சம் அடுத்த பல்புக்குப் போகிறது என்றுதான் பல பிள்ளைகள் நினைக்கிறார்கள். உலகம் முழுக்க அறிவியல் கல்வி ஆய்வாளர்கள் திரும்பத் திரும்பக் கண்ட எண்ணம் இது. நம் பிள்ளைகளுக்கு நம் மொழி வழக்கும் சேர்ந்து அதை இறுக்கிவிடுகிறது.

இதைப் பயிற்சி ஆசிரியரிடம் வாயால் சொன்னால் தலையாட்டுவார். அவரே கண்டுபிடிக்கும்படி செய்யுங்கள். அடுத்த பாடத்துக்கு முன்னால் பிள்ளைகளிடம் ஒரு துண்டுத் தாளில் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள். மின்கலத்தோடு தொடரிணைப்பில் ஒரே மாதிரியான இரண்டு பல்புகள். எது அதிகம் ஒளிரும், ஏன்? பெயர் வேண்டாம், மதிப்பெண் இல்லை. "ஏன்" கட்டாயம் வேண்டும். தாள்களை வாங்கிக்கொண்டு அவரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். விடை சரியா தவறா என்று பிரிக்க வேண்டாம், காரணத்தை வைத்துப் பிரியுங்கள். "முதல் பல்பு, ஏன்னா கரண்ட் முதல்ல அதுக்குத்தான் போகுது" ஒரு குவியல். "ரெண்டும் சமம், ஏன்னா கரண்ட் பாதி பாதியா பிரியும்" இன்னொரு குவியல். இந்த இரண்டாவதைக் கட்டாயம் காட்டுங்கள். விடை சரி, காரணம் தவறு. தேர்வில் இந்தப் பிள்ளைக்கு முழு மதிப்பெண் விழுந்துவிடும். புதிதாக வருகிறவர்கள் ஏமாறும் இடம் இதுதான்.

அப்புறம் செய்துகாட்டும் சோதனை. வகுப்புக்கு முந்தின நாள், அதே பொருட்களை வைத்து, உங்கள் முன்னால் ஒருமுறை செய்துபார்க்கச் சொல்லுங்கள். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். இப்போது டார்ச் பல்பு வாங்கப் போனால் எல்.இ.டி.தான் முதலில் கைக்கு வரும். ஒரு 1.5 வோல்ட் மின்கலத்தில் அது எரியாது. திருப்பி மாட்டினாலும் எரியாது. இழை உள்ள பல்பையே தேடி வாங்கினாலும், ஒரே பெட்டியில் இருந்த இரண்டு பல்புகள் ஒரே மாதிரி ஒளிர வேண்டும் என்பதில்லை. வகுப்பில் முதல் பல்பு தற்செயலாகக் கொஞ்சம் பிரகாசமாக எரிந்தால் போச்சு, பிள்ளைகளின் தவறான எண்ணத்துக்கு நாமே சான்று கொடுத்த மாதிரி ஆகிவிடும். அப்போது செய்ய வேண்டியது, இரண்டு பல்புகளையும் இடம் மாற்றிப் போடுவது. பிரகாசம் பல்போடு சேர்ந்து இடம் மாறுகிறதா, முதல் இடத்திலேயே நிற்கிறதா என்று பிள்ளைகளையே பார்க்கச் சொல்ல வேண்டும். அம்மீட்டரை முதல் பல்புக்கு முன்னால், இரண்டுக்கும் நடுவில், இரண்டாவதற்குப் பின்னால் என்று மூன்று இடத்திலும் தொடரில் வைத்து, அளவை மாணவர் ஒருவரைப் படிக்கச் சொல்லலாம். மூன்றும் ஒன்றாக இருப்பதைப் பார்த்ததும் வகுப்பில் ஒரு சலசலப்பு வரும். "அப்போ எதுதான் சார் செலவாகுது?" என்று யாராவது கேட்பார்கள். ஆற்றல் என்ற சொல் நுழைய அதுதான் சரியான நேரம். மின் கட்டண அட்டையில் இருக்கும் யூனிட்டையும் அங்கேயே கொண்டுவரலாம். ஒரு யூனிட் என்பது ஒரு கிலோவாட் மணி, அதாவது 36 லட்சம் ஜூல். வீட்டில் காசு கொடுப்பது ஆற்றலுக்கு, ஓட்டத்துக்கு அல்ல.

இன்னொரு உதாரணம் சொல்கிறேன், எனக்கு மிகவும் பிடித்தது. ஒரு கிராமத்துப் பள்ளியில் நான் கடைசி வரிசையில் உட்கார்ந்து பார்த்த வகுப்பு. பக்க இணைப்பில் ஒரு கருவியைப் போடுவதால் இன்னொன்று பாதிக்கப்படாது என்று பயிற்சி ஆசிரியர் அழகாக விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு பையன் எழுந்து, "எங்க வீட்டுல மோட்டார் போட்டா லைட்டு மங்குதே டீச்சர்" என்றான். அவர் திகைத்துப்போய், "அது வேற, உட்காரு" என்று சொல்லிவிட்டார். அந்த வருடம் அந்த வகுப்பில் கேட்கப்பட்ட மிக நல்ல கேள்வி அதுவாகத்தான் இருக்கும். மோட்டார் இழுக்கும் அதிக மின்னோட்டம் கம்பத்திலிருந்து வீடு வரை வரும் நீண்ட கம்பி வழியாகத்தான் வந்தாக வேண்டும். அந்தக் கம்பிக்கும் மின்தடை உண்டு. மின்னோட்டம் கூடும்போது கம்பியிலேயே மின்னழுத்தம் அதிகமாக இறங்கி, வீட்டுக்கு வந்து சேர்வது குறைகிறது. ஓம் விதி தெரிந்தால் போதும். அந்த ஆசிரியருக்கு ஓம் விதி தெரியாதா? நன்றாகவே தெரியும். படித்த கணக்குகளில் எல்லாம் இணைப்புக் கம்பிக்கு மின்தடை பூஜ்யம் என்றே எடுத்துக்கொண்டு பழகியதால், அந்த நொடியில் கைகொடுக்கவில்லை. அவ்வளவுதான்.

இந்த வகை அறிவுக்கு ஒரு பெயர் கொடுத்தவர் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் இருந்த லீ ஷுல்மன். 1986-இல் அவர் எழுதிய கட்டுரை, ஆசிரியர் பயிற்சியைப் பற்றி யோசிக்கிறவர்கள் எல்லோரும் திரும்பிப் போகிற ஒன்று. வகுப்பை நிர்வகிப்பது, கேள்வி கேட்பது பற்றியெல்லாம் ஆய்வுகள் குவிந்திருக்கின்றன, ஆனால் பாடப்பொருள் என்ற ஒன்று அவற்றிலிருந்து காணாமல் போய்விட்டது என்பது அவர் வாதம். பாட அறிவும் பொதுவான கற்பித்தல் திறமையும் போக, குறிப்பிட்ட ஒரு பாடத்தைக் கற்பிப்பதற்கென்றே ஓர் அறிவு உண்டு என்றார். எந்த இடம் பிள்ளைக்கு இடறும், என்ன எண்ணத்தோடு வகுப்புக்கு வருவான், எந்த உவமை உதவும், எது குழப்பும் என்பதெல்லாம் அதில் சேரும். இந்த அறிவு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. பல வருடம் பாடம் நடத்தியதில் சேர்ந்தது. அது வாயில் வராமல் கையில் இருக்கிறது. அதனால்தான் "அதற்கு மேல் என்ன சொல்வதென்று தெரியவில்லை" என்கிறீர்கள்.

அதை வெளியே கொண்டுவர ஒரு வழி, உங்கள் வகுப்பை அவர் பார்க்கும்போது எதைப் பார்க்க வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லி உட்கார வைப்பது. "என் வகுப்பைப் பாரும்மா" என்றால் சாக்பீஸ் பிடிப்பதையும் அதட்டுவதையும் பார்த்துவிட்டுப் போவார். "மின்னழுத்த வேறுபாட்டுக்குத் தண்ணீர்த் தொட்டி உவமை சொல்லப் போகிறேன். எந்த இடத்தில் அந்த உவமையை விடுகிறேன், ஏன் விடுகிறேன் என்று குறித்து வை" என்றால் வேறு மாதிரி பார்ப்பார். குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். கம்பியை வெட்டினால் மின்னோட்டம் கொட்டாது, நின்றுவிடும். உவமை அங்கே உடைகிறது. பிள்ளைகளிடம் அதைச் சொல்லியே ஆக வேண்டும் என்பது அனுபவசாலிக்குத் தெரியும். புதியவருக்கு அதை யாராவது காட்டினால்தான் தெரியும்.

மொழியையும் கவனியுங்கள். அவர் கல்லூரியில் ஆங்கிலத்தில் படித்தவராக இருந்து, இப்போது தமிழ் வழி வகுப்பில் நின்றால், திசைவேகம், உந்தம், தன்வெப்ப ஏற்புத்திறன் எல்லாம் அவருக்கே புதுச் சொற்கள். மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பிப்பார். ஒரு நாள் மதிய உணவு நேரத்தில், "பாடப்புத்தகச் சொல் எதையும் பயன்படுத்தாமல், உங்கள் அம்மாவிடம் சொல்கிற மாதிரி மின்தடையை எனக்குச் சொல்லுங்கள்" என்று கேட்டுப்பாருங்கள். முதல் தடவை திணறுவார். நாலைந்து தடவையில் பிடித்துவிடுவார். அதன்பின் கலைச்சொல்லைக் கொண்டுவந்து வைத்தால் அது தானாகப் பொருந்தும். எடையும் நிறையும், வெப்பமும் வெப்பநிலையும், வேலை என்ற சொல்லும்கூட இதே மாதிரி வீட்டில் ஒரு பொருளும் புத்தகத்தில் வேறு பொருளும் கொண்டவை. அவரே ஒரு பட்டியல் போடட்டும்.

உங்கள் பள்ளியில் ஒன்பதாம் வகுப்பில் 'அ', 'ஆ' என்று இரண்டு பிரிவுகள் இருந்தால் அதைவிடப் பெரிய வசதி கிடையாது. 'அ' பிரிவில் ஒரு பாடத்தை நடத்தட்டும். அன்றே இருவரும் பேசுங்கள். அடுத்த நாள் 'ஆ' பிரிவில் அதே பாடத்தை மாற்றி நடத்தட்டும். ஜப்பானில் ஆசிரியர்கள் கூடி ஒரே பாடத்தைத் திட்டமிட்டு, நடத்தி, பார்த்து, பேசி, திருத்துவதைப் பல தலைமுறையாகச் செய்கிறார்கள். அவ்வளவு ஏற்பாடு நமக்கு முடியாது. ஆனால் ஒரு பாடத்தை இரண்டு முறை நடத்துவது முடியும். 16 வாரத்தில் நாற்பது பாடம் ஒவ்வொரு முறை நடத்துவதைவிட, நான்கு பாடத்தை இப்படி இரண்டு முறை நடத்துவதில் அவர் அதிகம் கற்றுக்கொள்வார் என்பது என் உறுதியான கருத்து.

அந்தப் பேச்சில் "எப்படி இருந்தது?" என்று அவர் கேட்டால், நேராகப் பதில் சொல்லாதீர்கள். மூன்று பிள்ளைகளின் நோட்டை வாங்கி நடுவில் வையுங்கள். "இந்தப் பெண் இப்படி எழுதியிருக்கிறாளே, என்ன நினைத்து எழுதியிருப்பாள்?" என்று கேளுங்கள். அவர் நடையையும் குரலையும் பற்றிப் பேசினால் கூசிப்போவார். பிள்ளையின் எழுத்தைப் பற்றிப் பேசினால் கூச்சம் போய்விடும், யோசனை வரும்.

கல்லூரிக்குக் கொடுக்க வேண்டிய பாடக் குறிப்பேடு, துணைக்கருவி, ரெக்கார்டு எல்லாம் இருக்கத்தான் செய்யும். அதோடு சண்டை போட வேண்டாம்; அவருக்கு மதிப்பெண் அதில்தான். நோக்கங்கள், படிகள் எல்லாவற்றையும் கேட்கிற படிவத்திலேயே எழுதட்டும். ஓரத்தில் ஒரு வரி மட்டும் கூடுதலாக எழுதச் சொல்லுங்கள்: "இந்த இடத்தில் மாணவர் என்ன தவறாகச் சொல்லக்கூடும்?" பாடம் முடிந்த பிறகு, உண்மையில் என்ன சொன்னார்கள் என்று அதன் கீழே வேறு மையில் எழுதட்டும்.

எமிஸ் (பள்ளி, மாணவர் விவரங்களை ஏற்றும் அரசு இணையதளம்) பதிவு, சிறப்பு வகுப்பு, பத்தாம் வகுப்புத் தேர்வு என்று உங்களுக்கு நேரம் எங்கே என்று கேட்பீர்கள். நியாயம்தான். வாரத்துக்கு ஒரு பாடம் மட்டும் இப்படி ஆழமாகப் பாருங்கள். மற்ற வகுப்புகளை அவர் போக்கில் நடத்தட்டும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்ல வேண்டும். இயற்பியல் படித்தவர் நாளைக்கு வேலைக்கு வந்தால், பல உயர்நிலைப் பள்ளிகளில் அவரே வேதியியலும் உயிரியலும் நடத்த வேண்டியிருக்கும். பன்னிரண்டாம் வகுப்போடு தாவரவியலை மறந்தவர் ஒளிச்சேர்க்கை நடத்துவார். அந்தப் பயத்தை இப்போதே, நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே சந்திப்பது நல்லது. ஓர் உயிரியல் பாடமாவது கொடுங்கள். அங்கே அவர் பிள்ளைகளின் நிலையில்தான் இருப்பார். எந்த வரியில் அவருக்கே குழப்பம் வந்தது என்று குறித்துவைக்கச் சொல்லுங்கள். இயற்பியலில் அவருக்குக் கிடைக்காத அனுபவம் அது; திரும்ப மின்னோட்டம் நடத்தும்போதும் உதவும். இரண்டாவது பயிற்சி ஆசிரியர் உயிரியல் படித்தவராக இருந்தால் இன்னும் நல்லது, ஒருவர் பாடத்தை ஒருவர் கேட்கட்டும்.

அந்தத் துண்டுத் தாள்களைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பாடம் வாரியாகக் கட்டி, ஆய்வகத்து அலமாரியில் வையுங்கள். அடுத்த வருடம் வரும் பயிற்சி ஆசிரியருக்கு முதல் நாள் கையில் கொடுக்க உங்களிடம் ஏதாவது இருக்கும்.