பாறை கரைந்தால் காற்று குளிருமா? – கேள்வி பதில்

கே: பாறை எப்படிக் கரியமில வாயுவைப் பிடிக்கிறது?

ப: மழைநீரில் அந்த வாயு கரைந்து லேசான அமிலமாகிறது. அது பாறையிலுள்ள ஃபெல்ஸ்பார் என்ற கனிமத்தை அரிக்கும். உளுத்துப்போன நைஸ் பாறையைக் கையால் நொறுக்கிப் பாருங்கள்: ஃபெல்ஸ்பார் வெள்ளை மாவாக உதிரும், கரையாத குவார்ட்ஸ் கனிமம் மட்டும் மணலாக உறுத்தும். அந்த மாவுதான் களிமண். கரைந்த கால்சியமும், வாயு மாறிய பைகார்பனேட்டும் ஆற்றோடு கடலுக்குப் போய், சிப்பிக்கும் பவளத்துக்கும் ஓடாகின்றன.

கே: சுண்ணாம்புக்கல் இன்னும் வேகமாகக் கரையுமே?

ப: கரையும். ஆனால் பிடித்த வாயுவைக் கடலில் ஓடாகும்போது திருப்பிவிட்டுவிடும். நீண்டகாலக் கணக்கில் சிலிக்கேட் பாறை (ஃபெல்ஸ்பார் போன்ற கனிமங்களாலானது) பிடித்தது மட்டுமே சேரும். தயவுசெய்து இரண்டையும் கலக்காதீர்கள்.

கே: இமயமலை எழுந்ததால்தான் பூமி குளிர்ந்ததாமே?

ப: மொரீன் ரேமோ, வில்லியம் ரடிமன் என்ற ஆய்வாளர்கள் 1992-இல் வலுவாக முன்வைத்த கருத்து அது. மலை உயர்ந்தால் புதுப்பாறை வெளிப்படும், அரிப்பு கூடும், வாயு குறையும். ஆனால் கங்கை, பிரம்மபுத்திரா நீரில் கரைந்திருப்பதில் பெரும்பங்கு சுண்ணாம்புப் பாறையிலிருந்து வருவது. இமயத்தின் சிலிக்கேட்டில் கால்சியமும் குறைவு. 1997-இல் பிரான்ஸ்-லனோர், டெரி என்ற ஆய்வாளர்கள் இருவரும் வேறு வழி காட்டினார்கள்: வண்டலோடு போகும் இலை, மண் கரிமம் வங்கக் கடலடியில் புதைவதே அங்கே பெரிய பங்கு.

கே: அப்படியானால் ரேமோ சொன்னது தவறா? மலை உயர்ந்ததும் குளிர்ந்ததும் உண்மைதானே?

ப: இரண்டும் உண்மை. காரணம் எது என்பதில்தான் எனக்குச் சண்டை. அரிப்பு, இரும்பும் கந்தகமும் சேர்ந்த பைரைட் கனிமத்தையும் வெளிக்கொணரும். அதிலிருந்து வரும் கந்தக அமிலம் சுண்ணாம்பைக் கரைத்தால் வாயு வெளியேறவே செய்யும். இதைக் கழிக்காமல் கணக்கை முடிக்க நான் ஒப்பமாட்டேன்.

கே: தக்காணத்துப் பசால்ட்?

ப: எரிமலைக் குழம்பு உறைந்த அருமையான சிலிக்கேட் பாறை. கால்சியமும் மக்னீசியமும் நிறைந்தது, கிரானைட்டைவிட வேகமாகக் கரையும்.

கே: வெப்பம் கூடினால் பாறையே சரிசெய்துவிடாதா?

ப: செய்யும், பல லட்சம் ஆண்டுகளில். நாம் எரித்து வெளிவிடுவதில் சுமார் நூறில் ஒரு பங்கைத்தான் இன்று சிலிக்கேட் பாறைகள் பிடிக்கின்றன.

கே: இயற்கை தானே சமன் செய்யும் என்கிறார்களே?

ப: மேலே பதில் இருக்கிறது. அதையே நம்பி இருக்காதீர்கள்.

கே: எங்கள் கிணற்று நீர் குடிக்கலாமா?

ப: என் துறையில்லை. குடிநீர்ப் பரிசோதனைக் கூடத்தில் கொடுங்கள்.

கே: ஆற்று நீரை எப்படி எடுப்பது? (கல்லூரி மாணவி)

ப: அதே ஆற்று நீரால் போத்தலை மூன்று முறை அலசுங்கள். கரையிலேயே வடிகட்டுங்கள். பைகார்பனேட் பார்க்கும் போத்தலில் ஒரு குமிழிகூட இல்லாமல் விளிம்புவரை நிரப்பி மூடுங்கள். காற்றிருந்தால் வாயு தப்பும். கோடையில் மட்டும் போகாதீர்கள். வெள்ளத்திலும் எடுங்கள், ஆண்டுச் சுமையில் பெரும்பகுதி அப்போதுதான் போகிறது. சுண்ணாம்புப் பங்கைக் கழிக்க மறக்காதீர்கள்.