தேனுக்கு மாறியும் அளவு ஏறிவிட்டதே!

கேள்வி: எனக்கு வயது 46. ஆறு மாதத்துக்கு முன் எச்பிஏ1சி (ரத்தச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் பரிசோதனை) 5.9 இருந்தது. "சர்க்கரை நோயின் விளிம்பில் நிற்கிறீர்கள், இனிப்பைக் குறையுங்கள்" என்றார் மருத்துவர். அன்றைக்கே வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டேன். தினமும் நான்கு தேநீர், ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் தேன். போன வாரம் பார்த்தால் 6.2! தேன் இயற்கையானதுதானே? இனி வெல்லத்துக்கு மாறட்டுமா, ஸ்டீவியா வாங்கட்டுமா?

பதில்: உணவியல் படித்த நானே செய்த தப்பு இது. ஒரு வருடம் முழுக்கத் தேன் ஊற்றிக் குடித்துவிட்டு, சர்க்கரையை விட்டுவிட்டதாக எல்லோரிடமும் பீற்றிக்கொண்டேன்.

ஒரு நாள் சமையலறைத் தராசில் நிறுத்துப் பார்த்தேன். ஒரு தேக்கரண்டி சர்க்கரை 4 கிராம். அதே கரண்டியில் தேன் 7 கிராம்! அதில் தண்ணீரைக் கழித்தாலும் ஐந்தரை கிராமுக்கு மேல் இனிப்புதான். உங்கள் கணக்கையே போடுங்களேன். எட்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் 32 கிராம். எட்டு ஸ்பூன் தேனில் சுமார் 45 கிராம். தேன் ரத்தத்தில் கொஞ்சம் மெதுவாக ஏறும் என்பார்கள். அளவு கூடினால் அந்தச் சலுகையும் போச்சு. உலக சுகாதார நிறுவனம் 2015இல் சொன்ன சர்க்கரை வரம்பில் தேனும் சேர்த்தி. ஒரு நாளைக்கு 25 கிராமுக்குள் நின்றால் நல்லது என்கிறது அது. (6.2க்குத் தேன் மட்டுமே காரணம் என்று நான் சொல்லமாட்டேன். தூக்கம், நடை, சாப்பாடு எல்லாம் அந்த எண்ணில் இருக்கிறது.)

வெல்லம், கருப்பட்டி, தென்னஞ்சர்க்கரை மூன்றிலும் பெரும்பங்கு அதே சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சர்க்கரையில் இருப்பதேதான். இரும்புச்சத்து உண்டே என்பீர்கள். தேநீரில் போடும் அளவில் அது பேருக்குத்தான்.

ஸ்டீவியா வேறு ஜாதி. பராகுவே பக்கத்துச் செடி. இலையிலிருந்து எடுக்கும் இனிப்பு சர்க்கரையைப் போல 200 முதல் 300 மடங்கு. ரத்தச் சர்க்கரையை ஏற்றாது. ஆனால் பாக்கெட்டைத் திருப்பிப் படியுங்கள். டெக்ஸ்ட்ரோஸ், மால்டோடெக்ஸ்ட்ரின் என்று இருந்தால் அவை சர்க்கரையின் உறவுக்காரர்கள். குடித்தபின் அதிமதுரம் மென்றதுபோல ஒரு கசப்பு நாக்கில் நிற்கும். எனக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்கு வரலாம். உடம்பைக் குறைக்கச் சர்க்கரையில்லா இனிப்பூட்டிகளை நம்ப வேண்டாம் என்று 2023இல் உலக சுகாதார நிறுவனம் சொன்னது. ஸ்டீவியாவும் அந்தப் பட்டியலில் உண்டு.

என்னைக் கேட்டால், வெள்ளைச் சர்க்கரையையே திரும்ப எடுத்து வையுங்கள். அது சர்க்கரை என்று தெரிந்தால்தான் கை கூசும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, கப்புக்கு அரை ஸ்பூன் குறையுங்கள். முதல் நான்கு நாள் கஷாயம் குடிப்பதுபோல இருக்கும். நான் இப்படிக் குறைத்த மூன்றாவது மாதம் ஒரு வீட்டில் எனக்கு இரண்டு ஸ்பூன் போட்டுக் கொடுத்தார்கள். பாதிக்கு மேல் இறங்கவில்லை. இடையில் இனிப்புக்கு நாக்கு ஏங்கினால் இரண்டு பேரீச்சம்பழத்தை மென்று தின்னுங்கள். நார்ச்சத்தாவது சேரும். பேரீச்சை சிரப் வேண்டாம்.

மூன்று மாதம் கழித்து மறுபடி ரத்தம் கொடுத்துப் பாருங்கள். அந்தப் பரிசோதனை காட்டுவது கடந்த இரண்டு மூன்று மாதக் கணக்கை. அவசரப்பட்டு அடுத்த வாரமே ஓடாதீர்கள்.

கேள்வி: எட்டு மாதப் பேரனுக்குச் சர்க்கரைக்குப் பதில் தேன் தொட்டு வைக்கலாமா?

பதில்: கூடாது. ஒரு வயது முடியும்வரை ஒரு சொட்டுகூட வேண்டாம். தேனில் சில சமயம் இருக்கும் பாட்டுலிசம் என்ற கடும் நச்சு நோயைத் தரும் கிருமியின் வித்துகளைச் சமாளிக்கப் பிஞ்சுக் குடலால் முடியாது. காய்ச்சினாலும் அந்த வித்துகள் சாகாது. சர்க்கரையும் இந்த வயதில் எதற்கு? மசித்த வாழைப்பழம் கொடுங்கள், பாட்டி.