மனை வாங்குவதற்கு முன், பிளான் போடுவதற்கு முன்: கேட்டவையும் என் பதில்களும்

கட்டட வேலைகளை மேற்பார்வை பார்த்தே பல வருஷம் ஓடிவிட்டது. மனை, வீடு பற்றி வந்த கேள்விகளில் கொஞ்சம் இங்கே.

கேள்வி: மனை பார்க்கப் போகிறோம். முதலில் எதைக் கவனிப்பது?

நல்ல மழை பெய்த மறுநாள் போங்கள். காய்ந்து கிடக்கும்போது எல்லா மனையும் அழகாகத்தான் இருக்கும். தண்ணீர் எங்கிருந்து வருகிறது, எங்கே தேங்குகிறது, எந்தப் பக்கமாக வெளியே போகிறது என்று கால் மணி நேரமாவது நின்று பாருங்கள். பக்கத்துச் சுற்றுச்சுவரில் பழைய நீர்க்கறை தெரிந்தால், அது உங்கள் கணுக்கால் உயரமா முழங்கால் உயரமா என்று அங்கேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள், தரகர் அதைச் சொல்ல மாட்டார். கோரை அடர்ந்து கிடந்தால் அடியில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம்.

கேள்வி: ரோட்டு மட்டத்துக்கு மண் கொட்டி உயர்த்தி வைத்திருக்கிறார்கள் சார். நமக்கு வேலை மிச்சம்தானே?

மிச்சம் இல்லை தம்பி, பல நேரம் கூடுதல் செலவு. அடுக்கடுக்காகப் போட்டு, ஈரம் பார்த்து, உருளை ஓட்டி இறுக்கியிருந்தால் சரி. லாரியில் கொண்டுவந்து சும்மா கொட்டியிருந்தால் அந்த மண் வருஷக்கணக்கில் உட்கார்ந்துகொண்டே இருக்கும், அதுவும் ஒரே சீராக உட்காராது. நான் பார்த்த ஒரு வேலையில் வீட்டின் ஒரு மூலை மட்டும் பழைய பள்ளத்தின் மேல் வந்துவிட்டது, எங்களுக்கும் அது தெரியவில்லை. குடிபோன இரண்டாம் வருஷம் ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஒரு விரிசல், நாணயத்தைச் செருகலாம், அவ்வளவு அகலம். இப்போதெல்லாம் இரண்டு மூன்று இடத்தில் குழி தோண்டிப் பார்க்காமல் நான் எதற்கும் தலையாட்டுவதில்லை. குழியில் ஓட்டுத்துண்டு, பாலித்தீன் பை, செங்கல் உடைசல் வருகிற வரைக்கும் அது கொட்டிய மண்தான். அஸ்திவாரம் அதைத் தாண்டிப் பழைய கெட்டித் தரைக்குப் போக வேண்டும்.

கேள்வி: சின்ன வீடுதான். மண் பரிசோதனை அவசியமா?

அவசியம். உங்கள் திருப்திக்கு ஒன்று வீட்டிலேயே செய்யலாம்: ஒரு கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு மண், மீதிக்குத் தண்ணீர், நன்றாகக் குலுக்கி வையுங்கள். மணல் ஒரு நிமிஷத்தில் அடியில் படிந்துவிடும், வண்டலுக்குச் சில மணி நேரம் ஆகும், களி அதிகமென்றால் மறுநாளும் கலங்கலாகவே நிற்கும். களிமண் ஈரத்தில் ஊதும், காய்ந்தால் சுருங்கும், சுவர் அதற்கு ஏற்ப ஆடும். ஆனால் மண் எவ்வளவு சுமை தாங்கும் என்பதை பாட்டில் சொல்லாது. அதற்குத் துளை போட்டு, 63.5 கிலோ சுத்தியலை 76 செ.மீ. உயரத்திலிருந்து விழவிட்டு, குழாய் இறங்க எத்தனை முறை அடிக்க வேண்டியிருக்கிறது என்று எண்ணுவார்கள். அந்த அறிக்கையை உங்கள் பொறியாளர் கையில் கொடுங்கள்.

கேள்வி: பத்திரம் சரியாக இருக்கிறது. அளக்கவும் வேண்டுமா?

பணம் கைமாறுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள். நாலு பக்கம் மட்டும் பார்த்தால் போதாது, மூலைவிட்டம் இரண்டையும் பிடியுங்கள். 40க்கு 60 அடி மனை என்றால் இரண்டுமே 72 அடி 1 அங்குலத்தை ஒட்டி வரணும். ஒன்று கூடி ஒன்று குறைந்தால் மனை கோணல். அப்புறம் வழி: இன்று வண்டி போகிறது என்பது வேறு, அந்த வழியில் உங்களுக்கு எழுத்தில் உரிமை இருப்பது வேறு.

கேள்வி: பிளானில் அறை பெரிசாகத் தெரிகிறது. நிஜத்தில்?

சுண்ணாம்புப் பொடியால் மனையிலேயே வரைந்து பாருங்கள், சுவர் கனத்தையும் சேர்த்து. மூலை சரியாக வர 3, 4, 5 கணக்கு போதும்: மூலையிலிருந்து ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்தால் குறுக்கே 5 அடி வரணும். உள்ளே கட்டில் அளவுக்கு ஒரு பாயை விரித்து, கதவு திறக்கிற இடத்தை விட்டு, நடந்து பாருங்கள். ஒருவர் பாதி சமையலறையை அன்றைக்கே அழித்து மாற்றினார், செலவு ஒரு பிடி சுண்ணாம்பு.

கேள்வி: மேற்குப் பார்த்த பெரிய ஜன்னல் வைக்கலாமா?

வெயில் கடுமையான இடமென்றால் வேண்டாம். சாயங்கால வெயில் தாழ்வாக வரும், மேலே சன்ஷேடு இருந்தாலும் உள்ளே புகுந்துவிடும்.

கேள்வி: தண்ணீருக்கு முதலில் போர் போடவா, பிளானா?

தண்ணீர் எங்கே கிடைக்கும் என்று தெரிந்த பிறகு பிளான். கழிவுத்தொட்டி அதிலிருந்து எட்ட, தாழ்வான பக்கத்தில் வரட்டும். பக்கத்து மனைக்காரர் தன் தொட்டியை எங்கே வைத்திருக்கிறார் என்றும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.