சென்னையில வீடு பாத்துக்கலாமே!

கேள்வி: தினம் அரக்கோணம் லோக்கல்ல சென்னைக்கு வேலைக்குப் போறேன். அதே வண்டியில நர்ஸுங்க நிறைய பேர் வர்றாங்க. 70 கி.மீ. கிட்ட. ஊர்லயே ஆஸ்பத்திரி இல்லையா? இல்ல சென்னையிலயே வீடு பாத்துக்கலாமே? எதுக்கு இந்த வேண்டாத அலைச்சல்?
- ஒரு வாசகர், அரக்கோணம்

பதில்: நீங்களும் அதே வண்டியில தான சார் போறீங்க? உங்க அலைச்சல் வேலைக்காக, அவங்க அலைச்சல் மட்டும் வேண்டாததா?

ஊர்ல நர்சிங் ஹோம் இருக்கு தான். ஆனா பாதி எடத்துல படிக்காத பொண்ண கூட்டிட்டு வந்து நாலு மாசம் ஊசி போட பழக்கி வெச்சுக்கறாங்க, பி.எஸ்.ஸி. நர்சிங் படிச்சிட்டு லோனும் கட்டிட்டிருக்கற பொண்ணு அதே சம்பளத்துக்கு அங்க ஏன் நிக்கணும்? கவர்மென்ட் வேலையாச்சும் ஒழுங்கா குடுத்தாங்களான்னா 2015ல எம்.ஆர்.பி. (கவர்மென்ட் ஆஸ்பத்திரிக்கு ஆள் எடுக்கற வாரியம்) மூலமா நர்ஸுங்கள எடுத்தப்ப மாசம் 7,700 ரூபா, ரெண்டு வருஷத்துல பெர்மனென்ட்னு சொன்னது நடக்கலன்னு தான் 2017ல சென்னையில சுகாதாரத் துறை ஆபீஸ் இருக்கற டி.எம்.எஸ். வளாகத்துல போய் போராட்டத்துல உக்காந்தாங்க. அந்த சம்பளத்துல வேலூர்க்காரிக்கு ராமநாதபுரத்துல போஸ்டிங் விழுந்தா வாடகை குடுத்து என்னத்த சாப்பிடறது?

சரி, சென்னையில வீடு பாக்கறதுக்கு வருவோம். என் வீட்டு பக்கத்துல ஒரு சிஸ்டர் இருக்காங்க, காலையில 7 மணி டூட்டின்னா மூணரைக்கே அவங்க வீட்டு லைட் எரியும், கொழந்தைக்கு இட்லிய ஹாட் பாக்ஸ்ல வெச்சிட்டு யூனிஃபார்ம பையில மடிச்சு போட்டுட்டு கெளம்புவாங்க, ட்ரெயின்ல தான் தல பின்னறது. ஒரு நாள் நீங்க கேட்ட இதே கேள்விய நானும் கேட்டு வெச்சேன் (புத்தி அவ்வளவு தான்). "அத்தைய யார் சார் சென்னைக்கு தூக்கிட்டு வர்றது?"ன்னாங்க. புள்ளைய பாத்துக்கறது மாமியார், மாமியார் இருக்கறது இங்க. நைட் டூட்டின்னா பன்னெண்டு மணி நேரம், ரிலீவர் (அடுத்த ஷிஃப்ட் நர்ஸ்) லேட்டா வந்தா, அவங்ககிட்ட பேஷன்ட்டுங்கள ஒப்படைக்காம நகர முடியாது. அதுவும் அவங்க நைட்ட தான் கேட்டு வாங்கறாங்க, வரிசையா பாத்துட்டு மொத்தமா ஆஃப் எடுத்தா நாலு ட்ரெயின் மிச்சம்.

ஃப்ரீ பஸ் இருக்கேம்பீங்க. 2021ல வந்த ஃப்ரீ சாதா டவுன் பஸ்ஸுக்கு தான் சார், வெளியூர் பஸ்ஸுல ஏறினா டிக்கெட் தான்.

அதனால வீடு பாக்க சொல்றதுக்கு முன்னாடி, நைட் டூட்டி அன்னிக்கு அந்த புள்ளைய யார்கிட்ட விட்டுட்டு போறதுன்னு ஒரு ஆள சொல்லிடுங்க. நான் இன்னிக்கு சாயங்காலமே சிஸ்டர்கிட்ட சொல்லிடறேன்.