மூட்டம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நான் நியூ ஜெர்சியில் வேலை பார்க்கிறேன். மகனுக்கு நாலரை வயது. அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியின் குழந்தைகள் பிரிவான பிபிஎஸ் கிட்ஸில் வந்த 'சிட் தி சயின்ஸ் கிட்' என்ற அனிமேஷன் தொடர் என்றால் அவனுக்கு உயிர். முதல் சீசனை இரண்டே வாரத்தில் பார்த்து முடித்துவிட்டான். கறுத்த வாழைப்பழத்தைக் காட்டினால் 'டீகே' (அழுகல்) என்கிறான். 'இர்ரிவர்சிபிள் சேஞ்ச்', அதாவது திரும்பப் பழையபடி ஆகாத மாற்றம், என்றுகூடச் சொல்கிறான் (வீடியோ இணைத்திருக்கிறேன்). இந்த வயதில் இவ்வளவு டிவி கூடாது என்கிறார் மனைவி. எனக்கு அந்தப் பொம்மைகள் அசைவதே ஒரு மாதிரி இருக்கிறது. இதையெல்லாம் தமிழிலும் சொல்லிக்கொடுத்தால் அவனுக்குக் குழப்பமாகுமா? தமிழில் இப்படி ஒரு தொடர் ஏன் வரவில்லை?

ஆர்.

அன்புள்ள ஆர்,

வீடியோ பார்த்தேன். பையன் அழகு, கண்பட்டுவிடப் போகிறது. பின்னால் ஒரு குரல் "இன்னொரு தடவை சொல்லுடா கண்ணா" என்று கெஞ்சுகிறதே, அது நீங்கள்தானே? மூன்றாவது தடவை சொல்லும்போது அவன் பார்வை வாழைப்பழத்திலும் இல்லை, கேமராவிலும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே எதையோ பார்க்கிறான். அது என்ன என்று கேட்டீர்களா?

டிவி எவ்வளவு நேரம் என்பதைக் குழந்தை மருத்துவரிடம் கேளுங்கள். உங்கள் மனைவி சொன்னதைத்தான் அவரும் சொல்வார் என்று நினைக்கிறேன். பொம்மை அசைவு விஷயம் சின்னது. தொடரை எடுத்த ஜிம் ஹென்சன் கம்பெனிக்காரர்கள் பரம்பரைப் பொம்மலாட்டக்காரர்கள். சிட்டின் உடம்பை ஒருவர் சென்சார் உடை மாட்டிக்கொண்டு ஆடுகிறார், முகத்தையும் வாயையும் இன்னொருவர் கையால் இயக்குகிறார். கம்ப்யூட்டர் அப்போதைக்கப்போதே இரண்டையும் ஒன்றாக்கிவிடுகிறது. ஒரு பையனுக்குள் இரண்டு ஆட்கள். அதனால்தான் உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கிறது. குழந்தைகளுக்கு இருப்பதில்லை. தமிழில் ஏன் வரவில்லை என்று சொல்லப் புகுந்தால் யாரையாவது திட்டவேண்டி வரும், விடுங்கள்.

போன விடுமுறையில் பேத்தியோடு உட்கார்ந்து நானும் இந்தத் தொடரைப் பார்த்தேன். அன்றிலிருந்து ஒரு விஷயம் மனதில் ஓடிக்கொண்டே இருந்தது. சரியாக அந்த இடத்தைத்தான் உங்கள் கடிதம் தொட்டது. 'இரண்டே வாரத்தில்' என்று பெருமையாக எழுதியிருக்கிறீர்களே, அந்த இடம்.

2008 செப்டம்பரில் தொடங்கிய தொடர் அது. ஒரு வாரத்துக்கு ஒரே பொருள், ஐந்து நாளும் அதுதான். ஐந்தாம் நாள் புதிதாக ஒன்றும் கிடையாது, அந்த வாரம் பார்த்ததையே திரும்பப் பார்ப்பார்கள். உங்கள் ஊர் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்தில் இருந்த உளவியலாளர் ரோஷெல் கெல்மனும் அவரோடு சேர்ந்தவர்களும் பாலர் பள்ளிகளுக்காக வகுத்த அறிவியல் பாடத்திட்டத்தை ஒட்டியது இது. அதில் குழந்தைக்கு ஒரு நோட்டு உண்டு. பார்த்ததை வரையவேண்டும், பக்கத்தில் தேதி முத்திரை குத்தவேண்டும். தேதி எதற்கு? நேற்று இப்படி இருந்தது, இன்று இப்படி ஆகிவிட்டது என்று பக்கத்தைத் திருப்பிப் பார்க்கத்தான். டீகே, கீகே என்ற சொல்லெல்லாம் அந்த நோட்டுக்குத் துணை. உங்கள் வீட்டில் நோட்டு இல்லை, சொல் மட்டும் இருக்கிறது. ஐந்து நாள் சங்கதியை ஒரே மாலையில் விழுங்க வைத்துவிட்டு, பையன் அறிவியல் படிக்கிறான் என்கிறீர்கள். தம்பி, வாழைப்பழம் ஒரு மாலையில் அழுகாது.

எங்கள் ஆச்சி தாமிரபரணிக் கரையில் வாழை வைத்திருந்தாள். தார் வெட்டியதும் வீட்டுக்குப் பின்னால் குழியில் மூட்டம் போடுவார்கள். அடியில் வைக்கோல், மேலே தார்கள், அதற்கு மேல் வாழைச்சருகு, அதன்மேல் மண். ஓரத்தில் ஒரு ஓட்டை விட்டு, கலயத்தில் வரட்டி நெருப்பு போட்டுப் புகையை உள்ளே ஊதிவிட்டு ஓட்டையை அடைத்துவிடுவார்கள். ஒரு தடவை என்னால் பொறுக்க முடியவில்லை. மத்தியானம் எல்லோரும் தூங்கும்போது மண்ணைக் கிளறிவிட்டேன். புகையெல்லாம் போய்விட்டது. பாதித் தார் பழுத்தும் பழுக்காமல் செங்காயாக நின்றது. முதுகில் ஒன்று வைத்தாள். அப்புறம், "ஏன் ஆச்சி புகை போட்டா பழுக்குது?" என்று அழுதுகொண்டே கேட்டேன்.

"எனக்கு என்னலே தெரியும்? நாளைக்குக் காலைல ரெண்டு காயையும் மோந்து பாரு. மூட்டத்துல கெடந்ததையும் வெளிய கெடந்ததையும்."

பார்த்தேன். மறுநாளும் பார்த்தேன். வெளியே கிடந்த காய் காம்புப் பக்கம் முதலில் நிறம் மாறியதா, நுனியிலா என்று ஆச்சிக்கும் எனக்கும் ஒரு வாரம் சண்டை. கல்லூரியில்தான் எத்திலீன் என்ற சொல் கிடைத்தது. புகையில் இருக்கும் வாயு, பழமும் தானாகவே விடும் வாயு, காயைக் கனிய வைப்பது. ஊருக்கு ஓடிப்போய் ஆச்சியிடம் சொன்னேன். "ஓ, அந்த வாசனைக்கு அப்படி ஒரு பேரு இருக்கா?" என்றாள், வெற்றிலையை மடித்துக்கொண்டே. எத்திலீனின் வாசனை அல்ல அது, பழத்தின் வாசனையே வேறு சில சேர்மங்களால் வருவது என்று திருத்தப்போனேன். அவள் கேட்கவில்லை.

இதை ஆச்சிப் பெருமைக்காகச் சொல்லவில்லை. நான் அவளுடைய பேரனாக நடந்துகொள்ளவில்லை என்பதால் சொல்கிறேன். என் மகள் ஐந்து வயதில், பழத்தில் ஏன் புள்ளி வருகிறது என்று கேட்டாள். உட்காரவைத்து எத்திலீன், என்சைம், மாவுச்சத்து சர்க்கரையாவது என்று முழுப் பாடம் எடுத்தேன். "சரிப்பா" என்று எழுந்து போனாள். பழத்தைப் பற்றி அப்புறம் அவள் என்னிடம் எதுவும் கேட்டதில்லை.

சிட்டைப் பள்ளியிலிருந்து பாட்டி காரில் கூட்டிப்போகும் கட்டம் ஒவ்வொரு பகுதியிலும் வரும், கவனித்தீர்களா? அதில் என் பேத்தி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை.

தமிழில் சொன்னால் குழப்பமா என்று கேட்டிருந்தீர்கள், மறந்தே போனேன். பிஞ்சு, காய், செங்காய், பழம், கன்றியது, அழுகியது. 'டீகே' வருவதற்கு முன் இத்தனை படி இருக்கிறது. குழம்பினால் குழம்பட்டும்.

நாளைக்குப் பச்சையாக ஒரு வாழைப்பழம் வாங்கி ஜன்னலோரம் வையுங்கள். தினம் காலையில் அவன் வரையட்டும், நீங்கள் தேதி மட்டும் போடுங்கள். இரண்டு வாரம் கழித்து அந்த நோட்டைப் படமெடுத்து அனுப்புங்கள், வீடியோ வேண்டாம். பழ ஈ வரும், நாறும். மனைவியிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.